தார்ப்புகையும் தொழிலாளர் நலமும்

நுழையும்முன்

நல்ல சாலையில் செல்வோர் அதன் வழவழப்பைப் பாராட்டுவர். வெயிலிலும் வெக்கையிலும் நின்று அச்சாலையை இட்டவரை நினைப்போர் சிலரே. சாலைப்பணியின்போது எழும் புகை எதனால் உண்டாகிறது? அது உடலுக்கு என்ன செய்கிறது? அதனைக் குறைக்க இயலுமா? அறிவியலும் சட்டமும் சமூக அக்கறையும் சந்திக்கும் இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கடந்து செல்வோரும் நின்று உழைப்போரும்

சாலை இடும் இடத்தைக் கடக்கும்போது நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். பேருந்தின் சன்னலை இழுத்து மூடுகிறோம். ஓரிரு நிமிடங்களில் நெடி அகன்றுவிடுகிறது. நாமும் அதனை மறந்துவிடுகிறோம். அங்கே நின்று உழைப்போருக்கோ அந்நெடி காலையில் தொடங்கி மாலையில்தான் ஓய்கிறது. மறுநாள் மீண்டும் தொடங்குகிறது.

சிற்றூர்ச் சாலைகளில் இக்காட்சியைப் பலரும் கண்டிருப்போம். கல்லடுப்பின்மேல் இரும்புப் பீப்பாய். கீழே விறகு எரிகிறது. உள்ளே தார் கொதிக்கிறது. ஒருவர் நீண்ட அகப்பையால் உருகிய தாரை மொண்டு ஜல்லியின்மேல் ஊற்றுகிறார். சூடான கலவையைப் பாண்டுகளில் வாங்கித் தலைச்சுமையாகப் பெண்கள் கொண்டு செல்கின்றனர். காலில் சாக்குத்துணி, முகத்தில் சுற்றிய துண்டு. இவ்விரண்டே அவர்களின் காப்பு. நெடுஞ்சாலைப் பணிகளில் கலவை ஆலைகளும் கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரங்களும் வந்துவிட்டன. எனினும் இயந்திரத்தின் பின்னே வாருகோலுடன் நடந்து கலவையைச் சமன்செய்பவர் அந்தப் புகைக்குள்ளேயே நடக்கிறார்.

இவ்வகுப்பில் அமர்ந்திருப்போருள் சிலரின் பெற்றோரோ உறவினரோ இப்பணியில் இருக்கக்கூடும். ஆகவே இது எங்கோ நிகழும் செய்தியன்று. நம் வீட்டுச் செய்தி.

ஒரு சொல், இரு பொருள்கள்

பேச்சுவழக்கில் நாம் ‘தார்’ என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். நிலக்கரியைக் காற்றுப்புகாச் சூளையில் மிகுவெப்பத்துக்கு உட்படுத்தும்போது கிடைக்கும் கரிய நீர்மம் நிலக்கரித் தார். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்தபின் அடியில் எஞ்சி நிற்கும் கெட்டியான பொருள் நிலக்கீல். இதனைப் பிட்டுமன் என்றும் வழங்குவர். இன்று நம் சாலைகளில் இடப்படுவது பெரும்பாலும் நிலக்கீலே.

நிலக்கீல் இயற்கையாகவும் கிடைப்பதுண்டு. சிந்துவெளி மக்கள் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் நீர் கசியாதிருக்கச் சுவரினிடையே நிலக்கீல் பூச்சைப் பயன்படுத்தியிருந்தனர். மனிதருக்கும் இப்பொருளுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது.

தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் இவ்விரண்டின் தீங்கும் ஒன்றன்று. பல்வளைய நறுமண ஐதரோகார்பன்கள் எனப்படும் சேர்மங்களுள் சில புற்றுநோயைத் தூண்டவல்லவை. இவை நிலக்கீலில் உள்ளதைவிட நிலக்கரித் தாரில் பன்மடங்கு மிகுதி. ‘தார்ப்புகை’ என்று பொதுவாகச் சொல்லி அஞ்சுவதும், ‘எல்லாம் தார்தானே’ என்று அலட்சியம் செய்வதும் தவறாகும். எப்பொருள், எவ்வளவு வெப்பத்தில், எத்தனை நேரம் என்னும் மூன்றையும் அறிந்தே தீங்கை மதிப்பிட வேண்டும்.

புகை எவ்வாறு பிறக்கிறது?

இயல்பான வெப்பநிலையில் நிலக்கீல் பெரும்பாலும் திண்மமாகவே இருக்கும். அது ஜல்லியின் ஒவ்வொரு கல்லையும் சூழ்ந்து ஒட்ட வேண்டுமெனில் நீர்போல் இளக வேண்டும். நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் வி.ஜி. 30 என்னும் வகை நிலக்கீலைக் கலவை ஆலையில் ஏறத்தாழ 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவர்.

அவ்வெப்பத்தில் நிலக்கீலின் இலேசான கூறுகள் ஆவியாகின்றன. அவ்வாவி மேலெழுந்து குளிர்ந்த காற்றைச் சந்தித்ததும் மிக நுண்ணிய துளிகளாக உறைகிறது. ஆவியும் இத்துளிகளும் சேர்ந்ததே நாம் காணும் புகை. துளிகள் மிகச் சிறியவையாதலால் மூக்கின் மயிர்களையும் சளிப்படலத்தையும் தாண்டி மூச்சுக்குழலின் ஆழம்வரை செல்கின்றன. ஒருபகுதி தோலிலும் உடையிலும் படிகிறது.

வெப்பநிலை 10 முதல் 12 டிகிரி உயர்ந்தால் புகையின் அளவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர்தம் நடைமுறைக் கணக்கு. அதன்படி, 160 டிகிரியில் இருக்கவேண்டிய நிலக்கீல் 184 டிகிரிக்குச் சூடானால் புகை நான்கு மடங்காகும். விறகடுப்பின்மேல் உள்ள பீப்பாயில் வெப்பமானி இருப்பதில்லை. ‘நன்றாகப் புகைகிறது, பதம் வந்துவிட்டது’ என்று கண்ணளவாகவே முடிவு செய்கின்றனர். உண்மையில், நிலக்கீலிலிருந்து நீலநிறப் புகை அடர்ந்து எழுவது பதம் தவறி வெப்பம் மிகுந்துவிட்டதன் அறிகுறியாகும்.

உடலில் நிகழ்வன

தார்ப்புகையின் உடனடி விளைவுகளைத் தொழிலாளர்கள் தம் அனுபவத்தில் அறிவர். கண் எரிகிறது, மூக்கில் நீர் வடிகிறது, தொண்டை கமறுகிறது, இருமல் வருகிறது, தலை வலிக்கிறது, சிலருக்குக் குமட்டல் உண்டாகிறது. ஆஸ்துமா உடையோருக்கு மூச்சுத்திணறல் மிகும். பணி முடிந்து சில மணிநேரத்தில் இவற்றுட் பல தணிந்துவிடுவதால் ‘பழகிவிட்டது’ என்று கருதிவிடுகின்றனர். எரிச்சல் தணிந்ததனால் மூச்சுக்குழல் பாதிப்பின்றி இருக்கிறது என்று பொருளாகாது. நாள்தோறும் தொடரும் எரிச்சல் நாட்பட்ட இருமலாகவும் மூச்சுக்குழல் அழற்சியாகவும் மாறக்கூடும்.

தோலும் புகைக்கு ஒரு வாயிலே. மேனியில் படிந்த கூறுகள் வெயிலுடன் சேரும்போது தோல் சிவந்து எரிவதுண்டு. கையில் ஒட்டிய தாரை நீக்க மண்ணெண்ணெயோ டீசலோ தேய்ப்பது பலரின் வழக்கம். அவை தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையைக் கரைத்து, தீய கூறுகள் உட்செல்ல வழிதிறந்துவிடுகின்றன. சமையல் எண்ணெயைத் தடவி இளக்கி, சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே ஏற்றது.

பெரிய சேமிப்புத் தொட்டிகளில் வேறோர் இடர் உண்டு. சூடான நிலக்கீலிலிருந்து வெளிப்படும் ஐதரசன் சல்பைடு வாயு தொட்டியின் மேல்வெளியில் தேங்கும். அழுகிய முட்டையின் நாற்றமுடைய அவ்வாயு, செறிவு மிகும்போது நுகரும் ஆற்றலையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென நம்பி மூடியைத் திறந்து குனிபவர் உயிரிழக்க நேரிடும்.

ஆய்வின் நெடும்பயணம்

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிய அறிவியல் நெடுந்தொலைவு நடந்திருக்கிறது. 1775ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களிடம் காணப்பட்ட ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு அவர்கள் மேனியில் படிந்த கரியே காரணம் என எழுதினார். சிறு வயதிலேயே அத்தொழிலில் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். 1915இல் சப்பானிய அறிஞர்களான யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைப் பல மாதங்கள் தொடர்ந்து பூசிப் புற்றுநோய் உண்டாவதைக் காட்டினர். 1933இல் அத்தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் புற்றூக்கி பிரித்தெடுக்கப்பட்டது. கரியில் தொடங்கிய ஐயம், தாரின் வழியாக, ஒரு சேர்மத்தின் பெயரைச் சென்றடைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் ஆயின.

உலக நல அமைப்பின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, நிலக்கரித் தாரின் கீலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்துள்ளது. நிலக்கீல் பணிகளை அம்முகமை 2011ஆம் ஆண்டில் தனியே ஆராய்ந்தது. கூரைகளில் நீர்க்காப்புக்காகப் பயன்படும், காற்றூட்டிக் கெட்டியாக்கிய நிலக்கீலின் புகையை, ‘புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புடையது’ என்று வகைப்படுத்தியது. சாலையிடும் பணியில் எழும் நிலக்கீல் புகையை, ‘உண்டாக்கக்கூடும்’ என்னும் அடுத்த படியில் வைத்தது. கூரைப்பணியில் நிலக்கீல் 200 டிகிரிக்கும் மேலாகச் சூடாக்கப்படுவது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

சாலைத் தொழிலாளரைப் பற்றிய முடிவு ஏன் உறுதியாகவில்லை? முற்காலத்தில் அவர்கள் நிலக்கரித் தாரையும் கையாண்டனர். பலர் புகைபிடிப்போராகவும் இருந்தனர். ஒன்றன் விளைவை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது கடினம். ஐயம் தீரவில்லை என்பது ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகாது. கண்ணையும் மூச்சையும் வருத்தும் அதன் இயல்பு உறுதியாகத் தெரிந்ததே. அதனைக் குறைக்க அக்காரணம் ஒன்றே போதும்.

சாலையின் நலமும் உழைப்பவர் நலமும்

தொழிலாளரின் பாதுகாப்பு என்றாலே செலவு மிகும், வேலை தாமதமாகும் எனும் எண்ணம் நிலவுகிறது. தார்ப்புகையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பிழையானது.

அளவுக்கு மீறிச் சூடாகும் நிலக்கீல் தன் இலேசான எண்ணெய்க் கூறுகளை இழக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து இறுகுகிறது. இறுகிய நிலக்கீலுக்கு நெகிழ்வு குறைவு. அதைக் கொண்டு இட்ட சாலை வண்டிகளின் பாரத்திற்கு வளைந்துகொடுக்க மாட்டாமல் விரிசல் விடும், விரிசலில் மழைநீர் புகும், ஜல்லி பெயரும், குழி விழும். ஆக, தொழிலாளரின் நுரையீரலுக்குள் செல்லும் அந்தப் புகை, சாலையின் ஆயுளிலிருந்து கழிந்த பங்கே. அதனை உண்டாக்க எரித்த விறகும் எண்ணெயும் வீண்.

வெப்பம் குறைந்தாலும் சாலை கெடும். கலவை இறுகிவிட்டால் உருளையால் அழுத்த இயலாது. எனவே வேண்டுவது சரியான வெப்பம். அதனை அறிய ஒரு வெப்பமானி போதும். சாலையை ஏற்கும் பொறியாளரும் சாலையை இடும் தொழிலாளரும் ஒருசேர விரும்பத்தக்க கருவி அது.

காக்கும் வழிகள்

பணியிட இடர்களைக் களைவதற்கு ஒரு வரிசை முறை உண்டு. இடரை மூலத்திலேயே நீக்குவது முதற்படி. தீங்கு குறைந்த பொருளையோ முறையையோ மாற்றாகக் கொள்வது அடுத்தது. கருவிகளால் தடுப்பது அதன்பின். பணிமுறையை ஒழுங்கு செய்வது நான்காவது. உடலில் அணியும் காப்பு கடைசி.

குளிர்கலவை முறை முதற்படிக்குச் சான்று. நிலக்கீலை நீரில் நுண்துளிகளாகக் கலந்த பால்மத்தைச் சூடாக்காமலே ஜல்லியுடன் கலக்கலாம். போக்குவரத்து குறைந்த ஊரகச் சாலைகளுக்கும் பழுதுபார்ப்புக்கும் இது ஏற்றது. மிதவெப்பக் கலவை முறை இரண்டாம் படிக்குச் சான்று. சில சேர்ப்பொருள்களாலோ நுரைக்கச் செய்வதாலோ வழக்கத்தைவிட 20 முதல் 40 டிகிரி வரை குறைந்த வெப்பத்தில் கலவையை உருவாக்குவர். புகையும் எரிபொருள் செலவும் சேர்ந்தே குறைகின்றன. இவ்விரு முறைகளுக்கும் இந்தியச் சாலைகள் பேரவை 2014ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

கருவிகளால் தடுப்பதற்கு அமெரிக்க அனுபவம் எடுத்துக்காட்டாகும். அங்குக் கலவை பரப்பும் இயந்திரத்தின்மேல் புகையுறிஞ்சும் கூண்டு பொருத்தி, புகையைத் தொழிலாளரின் முகத்திலிருந்து விலக்கி உயரத்தில் வெளியேற்றும் அமைப்பை அரசு ஆய்வு நிறுவனமும் இயந்திர உற்பத்தியாளர்களும் இணைந்து உருவாக்கினர். 1997ஆம் ஆண்டு சூலை முதல் தயாரிக்கப்பட்ட பெரிய இயந்திரங்களில் அவ்வமைப்பைப் பொருத்த உற்பத்தியாளர்கள் தாமாகவே உடன்பட்டனர். தொழிலாளர் அமைப்பும் அம்முயற்சியில் பங்கேற்றது.

பணிமுறையை ஒழுங்கு செய்யப் பெருஞ்செலவு வேண்டா. காற்று வீசும் திசையறிந்து அதன் மேற்புறத்தில் நிற்றல், பீப்பாயையும் கொப்பரையையும் மூடிவைத்தல், கொதிகலன் அருகே நிற்போரை முறைமாற்றுதல், உண்ணுமுன் கைகழுவ நீரும் சோப்பும் வைத்தல், பணியுடையைத் தனியே துவைத்தல் ஆகியன எவ்வூரிலும் இயலக்கூடியவை.

முகத்தில் சுற்றிய துண்டு வெயிலைத் தடுக்கும். நிலக்கீலின் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியையும் நுண்துளியையும் ஒருங்கே வடிக்கும் வடிகலன் பொருத்திய முகக்கவசமே அதற்கு உதவும். நம் கோடை வெயிலில் அதனை நாள் முழுதும் அணிந்திருப்பது அரிது. அதனால்தான் உடற்காப்பு வரிசையின் கடைசியில் வைக்கப்பட்டுள்ளது. புகையைக் குறைக்காமல் கவசத்தை மட்டும் நீட்டுவது, பொறுப்பை உழைப்பவரின் தோளில் ஏற்றுவதாகும்.

தெரிந்து தெளிவோம்

சூடான தார் உடலில் பட்டால்:
• உடனே தூய்மையான குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். குறைந்தது பத்து நிமிடங்களாவது இதனைச் செய்ய வேண்டும்.
• தோலில் ஒட்டிய தாரைப் பிய்த்தெடுக்கக் கூடாது. தோலும் உடன் உரியும்.
• மண்ணெண்ணெய், டீசல், மை, பற்பசை போன்றவற்றைத் தடவக் கூடாது.
• விரலையோ கையையோ சுற்றித் தார் இறுகியிருந்தால் குருதியோட்டம் தடைப்படக்கூடும் என்பதை மருத்துவரிடம் கூறி விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும்.
• சூடான தார்ப் பீப்பாயில் நீர் விழலாகாது. நீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1600 மடங்கு விரிவதால் கொதிதார் பொங்கி வெளியே தெறிக்கும்.

சட்டம் தரும் உரிமை

1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழில்வழி நோய்களைப் பட்டியலிட்டது. தார், கீல், நிலக்கீல், கனிம எண்ணெய் முதலியவற்றால் வரும் தோல் புற்றுநோய் அப்பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய நோய்க்கு ஆளான தொழிலாளர் இழப்பீடு கோரலாம். ஆனால் எவரிடம், எத்தனைக் காலம் பணிசெய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். ஊர்விட்டு ஊர் சென்று, ஒப்பந்தக்காரர் மாறி மாறி, நாட்கூலி பெறுபவரிடம் அச்சான்று இருப்பது அரிது. நோயோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. உரிமை ஏட்டில் இருந்தும் அவரது கைக்கு எட்டாமற்போவது இவ்விடத்தில்தான்.

இக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்யப் பதிவு உதவும். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் சாலைப்பணி செய்வோரும் பதிவு செய்துகொள்ளலாம். வாரிய அட்டை உதவித்தொகைக்கு மட்டும் உரியதன்று. ‘இவர் இத்தொழில் செய்தவர்’ என்பதற்கு நாளை காட்டத்தக்க ஆவணமும் ஆகும். எழுதப் படிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் தம் தெருவிலுள்ள ஒரு தொழிலாளியின் விண்ணப்பத்தை நிரப்பித் தருவாராயின், அதுவே பெரிய தொண்டு.

ஒரு வினா

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ இராமசினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களுடன் மற்றொன்றையும் சேர்க்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார்: ‘நீர் என்ன தொழில் செய்கிறீர்?’

இருமலோடு மருத்துவமனைக்குச் செல்லும் சாலைத் தொழிலாளியிடம் இவ்வினா கேட்கப்படாவிட்டால், அவருடைய சீட்டில் ‘இருமல்’ என்றே எழுதப்படும், மருந்து தரப்படும், மறுநாள் அவர் அதே பீப்பாயின் அருகே நிற்பார். வினா கேட்கப்பட்டால் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் தடுக்க வழி பிறக்கும். மருத்துவர் கேட்க மறந்தாலும், ‘நான் தார் போடும் வேலை செய்கிறேன்’ என்று தாமே சொல்லத் தொழிலாளரும் பழக வேண்டும்.

நாளை பொறியாளராகவோ மருத்துவராகவோ ஒப்பந்தக்காரராகவோ அலுவலராகவோ ஆகப்போகும் மாணவர்கள் இவ்வகுப்பில் உள்ளனர். பணியிடத்தில் ஒரு வெப்பமானியை வைப்பதும், நோயாளியிடம் ஒரு வினாவைக் கேட்பதும், விண்ணப்பம் ஒன்றில் கையொப்பம் இடுவதும் அவர்தம் கையில் இருக்கும். நாம் நடக்கும் வழியை இட்டவர்கள் நலமாய் மூச்சுவிட வழிசெய்வது, அவ்வழியே நடக்கும் நம் அனைவரின் கடன்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் சாலைப்பணி செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவரது ஒருநாள் பணியையும் அவர் கையாளும் பாதுகாப்பு முறைகளையும் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.
2. ‘தொழிலாளரின் நலமும் சாலையின் தரமும் ஒன்றையொன்று சார்ந்தவை’ – இக்கருத்தைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் வகுப்பில் கலந்துரையாடுக.
3. தார்ப்புகையிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளை, பணியிடத்தில் ஒட்டத்தக்க வகையில் எளிய தமிழில் சுவரொட்டியாக உருவாக்குக.